கண் மங்கல், காது கூர்மை: பழைய டிஎஸ்எல்ஆரோடு மூன்று வருடம்

உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். கேட்ட நேரம்தான் சரியில்லை. என் கேமரா அன்று காலையில்தான் சர்வீசிலிருந்து திரும்பியிருந்தது. அவனுக்குச் சொன்னதில் பாதி கோபம். மீதியை இங்கே எழுதுகிறேன்.

மெகாபிக்சல், ஐஎஸ்ஓ பஞ்சாயத்துக்கெல்லாம் நான் வரவில்லை. பத்து வருடப் பழைய பாடியில்கூட (லென்ஸ் நீங்கலான கேமரா) நம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. என் பிரச்சினை ஒன்றே ஒன்று: ஃபோகஸ்.

வாங்கும்போது ஏமாளியாகப் போய் நிற்கவில்லை. ஷட்டர் கவுண்ட், அதாவது அதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை, 23,000 சொச்சம்; இந்த வகை பாடிக்கு ஒரு லட்சம் வரை தாங்கும் என்பது கணக்கு. லென்ஸ் துளையை எஃப்/16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்து, படம் பிடிக்கும் சென்சாரில் தூசி தேடினேன். டார்ச் அடித்து லென்ஸில் பூஞ்சை தேடினேன். பாடியோடு வந்த கிட் லென்ஸில் இருபது படம் எடுத்தேன், எல்லாம் பளிச். விற்றவர் முகத்திலும் கள்ளம் இல்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து துளை அகலமாகத் திறக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கினேன். அன்றோடு நிம்மதி போச்சு. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கூர்மையாக வருகிறது. கை நடுங்குகிறது என்று நினைத்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன், டிரைபாட் போட்டுப் பார்த்தேன். என்னையே திட்டிக்கொண்டு ஒரு வருடம் ஓடியது. வீட்டில் எல்லோருடைய காதும் என்னிடம் அற்புதமாகப் பதிவாகியிருக்கிறது.

விஷயம் இதுதான். டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்யும்போது படம் பிடிக்கும் சென்சார் அதில் தலையிடுவதே இல்லை. வ்யூஃபைண்டருக்கு வெளிச்சத்தைத் திருப்பும் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கண்ணாடி உண்டு. அது வெளிச்சத்தைக் கீழே திருப்பி, அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. அந்தப் பாதையின் நீளமும் பட சென்சாருக்குப் போகும் பாதையின் நீளமும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். குட்டிக் கண்ணாடி மயிரிழை நகர்ந்தாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழும். எஃப்/5.6-இல் துளை சிறிது, கூர்மையாக நிற்கும் ஆழம் அதிகம்; அந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். கிட் லென்ஸ் என்னை ஏமாற்றியது அப்படித்தான். எஃப்/1.8-இல், ஒரு மீட்டர் தூரத்தில், கூர்மையாக நிற்கும் ஆழமே மூன்று சென்டிமீட்டருக்குள். அங்கே ஒளிய இடமில்லை.

லைவ் வ்யூவில், அதாவது பின்புறத் திரையைப் பார்த்து, எடுத்தால் அதே லென்ஸ், அதே பாடி, கண் கத்தி மாதிரி வரும். அங்கே பட சென்சாரே ஃபோகஸ் பார்க்கிறது. ஆனால் என் பாடியில் அது ஆமை வேகம். குழந்தை மூன்று முறை முகத்தைத் திருப்பிய பிறகுதான் பச்சைக் கட்டம் வரும்.

இதை மெனுவிலேயே சரிசெய்யும் வசதி சில பாடிகளில் உண்டு. நிக்கான் டி7000-இல் இருக்கிறது, டி90-இல் கிடையாது. கேனான் 50டி-இல் இருந்தது, 60டி-இல் எடுத்துவிட்டார்கள், 70டி-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். என்னுடையதில் இல்லை. வாங்கும் முன் இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால்!

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வ்யூஃபைண்டர் இருக்கிறதே, அதில் கண் வைத்தால் திரை இல்லை, புள்ளிகள் இல்லை, நிஜ வெளிச்சம். பொழுது சாயும் நேரத்தில் மரத்தடி நிழலை அப்படியே பார்த்துக்கொண்டு க்ளிக் செய்யாமலே அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். நின்றதற்கு பேட்டரியும் குறையவில்லை. இந்தச் சுகத்துக்காகவே இரண்டு முறை விற்கப் போய் திரும்பி வந்தேன்.

கடைசியில் சர்வீசுக்குக் கொடுத்தேன். குட்டிக் கண்ணாடி வந்து அமரும் இடத்தை மெக்கானிக் நுணுக்கமாகத் திருகிச் சரிசெய்தார். வீட்டுக்கு வந்ததும் அளவுகோலைச் சாய்த்து வைத்து 50 மி.மீ.-இல் எடுத்தேன். குறி வைத்த கோட்டில் கச்சிதமாக விழுந்தது. குதூகலத்தில் 35 மி.மீ.-ஐ மாட்டினேன். இதுவரை ஒழுங்காக இருந்த லென்ஸ் அது. இப்போது முன்னால் விழுகிறது. பாடியின் பிழையை அதன் பிழை இத்தனை நாள் சமன்செய்து வந்திருக்கிறது! நண்பனின் கேள்வி வந்தது அந்த நிமிடத்தில்தான்.

"வாங்காதே, கண்ணாடியில்லாத கேமராவுக்குக் காசு சேர்" என்றேன். அதில் படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தத் தலைவலி இல்லை. அவனோ கையில் அவ்வளவு இல்லை என்றான். 2020-க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் இறக்காததால் பழைய பாடியும் லென்ஸும் மலிவாகக் குவிந்து கிடக்கின்றன என்பதும் உண்மைதான். சரி, ஷட்டர் கவுண்டை அப்புறம் பார். முதலில் ஒரு எஃப்/1.8 லென்ஸும் ஓர் அளவுகோலும் எடுத்துக்கொண்டு போ, வ்யூஃபைண்டரில் ஒன்று, லைவ் வ்யூவில் ஒன்று எடுத்து ஒப்பிட்டுப் பார், மெனுவில் ஃபோகஸ் திருத்தம் இல்லாத பாடியைத் தொடாதே என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறான். லென்ஸுக்கு என்னிடம்தான் வருகிறான். 50-ஐக் கொடுக்கப்போகிறேன், 35-ஐ இல்லை.