சிங்க்திங்: போட்டோ ஸ்டுடியோவுக்கு ஏற்றதா?

அத்தானின் ஸ்டுடியோவில் ஒரு கம்ப்யூட்டர். வீட்டில் அக்கா ஆல்பம் டிசைன் செய்யும் லேப்டாப். ஒரு கல்யாணத்துப் படங்களுக்கே கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபி போதாது. அதனால் சிங்க்திங் (Syncthing) போட்டுக் கொடுத்தேன். ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரில் போட்டதை இன்னொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டருக்குத் தானாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும் சாஃப்ட்வேர் இது. இலவசம், ஓபன் சோர்ஸ். படங்கள் யாருடைய சர்வரிலும் போய் உட்காராது, கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கே போகும்.

அமைப்பதை மட்டும் நீங்களே செய்துவிடுங்கள். ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றுக்கு அடையாளம் காட்டும் அந்த நீள டிவைஸ் ஐடியைப் பார்த்தாலே அத்தான் கும்பிடு போட்டுவிடுவார். அப்புறம் அவர்களுக்கு வேலையே இல்லை. ஃபோல்டரில் போட்டால் சரி.

பெரிய தொல்லை, இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். கடை மூடி மெயின் சுவிட்சை அணைத்தால் அக்காவுக்கு எதுவும் வராது. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை எப்போதும் ஓடவிட்டுச் சமாளிக்கிறோம். பகலில் அது வாங்கி வைத்துக்கொள்ளும், ராத்திரி லேப்டாப்புக்குக் கொடுக்கும்.

ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அழிந்த ஃபைலின் பழைய பிரதியை எடுத்து வைக்கும் ஃபைல் வெர்ஷனிங்கை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். அதோடு தனி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப்பும் வேண்டும், இது பேக்கப் இல்லை.

போனிலேயே எல்லாம் பார்ப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஐபோனுக்கு அதிகாரபூர்வ ஆப் கிடையாது. ஆண்ட்ராய்டு ஆப்பையும் 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் காசு கட்டி கூகுள் டிரைவே வாங்கிக்கொள்ளலாம்.