நகைச்சுவைப் படம் போட எந்த இடம்: தியேட்டரா, பாலாய் ராயா எனும் ஊர்ப் பொது மண்டபமா, கோயில் திடலா?

மலேசியத் தோட்டப்புற ஊரில் தனியார் நடத்தும் சின்னத் தியேட்டர் ஒன்று இன்னும் இயங்கினால், அதை ஒரு காட்சிக்கு வாடகைக்குப் பிடிப்பதே நல்லது. நாங்கள் அதைத்தான் செய்தோம். வாடகை ஊருக்கு ஊர் மாறும், திடலைவிட நிச்சயம் கூடும்.

திடலில் கூட்டம் நன்றாகச் சேரும். ஆனால் பொழுது சாயவே ஏழு, ஏழரை ஆகிவிடும்; எட்டுக்கு முன் போட்டால் திரை வெளுத்துக் கிடக்கும். எட்டரைக்குத் தொடங்கினால், விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள். மழைக்கு வழியே இல்லை. பக்கத்தில் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை இருந்தால் ஜெனரேட்டர் இரைச்சல் வேறு.

பாலாய் ராயாவின் பெரிய குறை ஒலிதான். சிமெண்டுத் தரை, தகரக் கூரை, கண்ணாடிச் சன்னல்: ஒரு வசனம் சுவரில் மோதித் திரும்புவதற்குள் அடுத்தது வந்துவிடும். கிறுக்குத்தனமும் கற்பனையும் கலந்த நகைச்சுவையில் சிரிப்பு முணுமுணுப்பிலும் சின்ன இடைவெளியிலும் இருக்கிறது. அது போனால் படமே போச்சு. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும்.

பலர் சறுக்கும் இடம் இன்னொன்று. ஒலியை ஆறு சேனலாகப் பிரித்துத் தரும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் வரும். மடிக்கணினியிலிருந்து இடம், வலம் இரண்டை மட்டும் மிக்ஸருக்கு எடுத்தால் இசை முழங்கும், பேச்சு கேட்காது. பிளேயரில் ஸ்டீரியோவாகக் கலந்து அனுப்பும்படி மாற்ற வேண்டும். 10 மீட்டர் பின்னால் கூடுதல் ஸ்பீக்கர் வைத்தால் அதற்கு 30 மில்லி விநாடி தாமதம் கொடுக்க வேண்டும். இல்லையேல் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரட்டிக்கும்.

தியேட்டரில் இந்தத் தொல்லை கிடையாது. நடு ஸ்பீக்கர் துளையிட்ட திரைக்குப் பின்னாலேயே நிற்கிறது, சுவர்த் துணி எதிரொலியை விழுங்கிவிடுகிறது. ஒலி அளவை மட்டும் ஆள் உட்கார்ந்த பிறகு ஒருமுறை சரிபாருங்கள்: நிறைந்த அரங்கு ஒலியை உறிஞ்சும், சிரிப்பலை அடுத்த வசனத்தை மூடும்.

தியேட்டரில் கவனிக்க வேண்டியது டிசிபி கோப்பின், அதாவது தியேட்டருக்கென வரும் டிஜிட்டல் படக் கோப்பின், சாவி. கேடிஎம் எனப்படும் அந்த டிஜிட்டல் சாவி, படத்தை ஓட்டும் குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே திறக்கும். காட்சி நேரத்துக்கே தொடங்கும்படி கொடுத்துவிட்டால் ஒத்திகை பார்க்க முடியாது. அதனால் முந்தின நாளிலிருந்தே செல்லுபடியாகும் சாவியைக் கேட்டு வாங்குங்கள். சர்வரின் வரிசை எண்ணையும் சரியாக அனுப்புங்கள். சர்வரை மாற்றியிருந்தால் பழைய எண்ணுக்கு வந்த சாவி உதவாது.

எந்த இடமானாலும் உரிமையாளரின் திரையிடல் அனுமதி வேண்டும். வீட்டு ஓடிடி சந்தா அதற்கு ஈடாகாது. மலேசியாவின் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கைச் சான்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்து புரளும் காமெடியாக, சிறுவர் கூட்டத்துக்காக இருந்தால் பாலாய் ராயா போதும். தரை சமமாக இருப்பதால், திரையின் கீழ் விளிம்பு ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் முன்வரிசைத் தலைகள் மலாய் சப்டைட்டிலை மறைத்துவிடும்.