ஊர் வாங்கும் மார்க், வீட்டுக்கு வரும் தள்ளுபடி: அமெரிக்க வெள்ளக் காப்பீட்டில் சிஆர்எஸ் எப்படி?

அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா நடத்தும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பாலிசி வைத்திருப்பவர்கள், பாலிசியின் விவரச் சுருக்கமான டெக்லரேஷன் பக்கத்தில் ‘சிஆர்எஸ் தள்ளுபடி’ என்று ஒரு வரி இருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தொகையை ஏஜென்ட் பேரம் பேசி வாங்கித் தருவதில்லை. வெள்ளப்படுகையை ஒழுங்காக நிர்வகித்ததற்காக உங்கள் நகராட்சியோ (மாவட்டம் போன்ற) கவுன்ட்டியோ சம்பாதித்தது அது. கம்யூனிட்டி ரேட்டிங் சிஸ்டம் (சிஆர்எஸ்) என்ற இந்த ஏற்பாடு 1990இல் தொடங்கியது. திட்டத்தில் 22,000க்கும் மேற்பட்ட ஊர்கள் இருந்தாலும் சிஆர்எஸ்ஸில் சேர்ந்தவை ஏறத்தாழ 1,500தான். ஆனால் நாட்டின் வெள்ளக் காப்பீட்டுப் பாலிசிகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் அந்த ஊர்களில்தான் இருக்கின்றன.

பள்ளிக்கூடக் கணக்குதான். வெள்ளத்தைச் சமாளிக்கும் பணிகளுக்கு ஊர் 500 மார்க் எடுத்தால் 9ஆம் வகுப்பு, 5% தள்ளுபடி. அதன்பின் ஒவ்வொரு 500 மார்க்குக்கும் ஒரு வகுப்பு ஏறும் (எண் குறையக் குறைய வகுப்பு உயர்வு), தள்ளுபடியில் 5% கூடும். 4,500ஐத் தொட்டு, அதற்கென்று உள்ள கூடுதல் நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் 1ஆம் வகுப்பு, 45%. 2006இல் கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் முதன்முதலாக அந்த இடத்துக்கு வந்தது. இந்த அமைப்பின் பெரிய குறை நடுவில் படி எதுவும் இல்லாததுதான். 1,990 மார்க் எடுத்த ஊரும் 1,500 எடுத்த ஊரும் ஒரே 7ஆம் வகுப்பு. பத்து மார்க் குறைந்ததால் ஊர் முழுக்க 5% நழுவும்.

மார்க் எங்கே கொட்டிக் கிடக்கிறது என்று பார்த்தால் திட்டத்தின் மனசு தெரியும். வெள்ள வரைபடம் பற்றிக் கேட்பவர்களுக்குத் தகவல் சொல்லும் சேவைக்கு அதிகபட்சம் 90. விழிப்புணர்வுத் துண்டறிக்கை, கூட்டம் வகையறாவுக்கு 350. வடிகால்களைச் சோதித்துத் தூர்வாரிப் பராமரிக்க 570. வெள்ளப்படுகையில் கட்டடமே வராமல் திறந்தவெளியாக வைத்திருந்தால் 2,020 வரை. தாழ்வான இடத்து வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தாலோ, வேறிடத்துக்கு நகர்த்தினாலோ 2,250 வரை. இந்த வரிசை நியாயமானது. துண்டறிக்கை அடித்தே மேலே வந்துவிட முடியாது. ஓக்லஹோமாவின் டல்சா 1984 வெள்ளத்தில் 14 பேரை இழந்த பிறகு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை வாங்கி அப்புறப்படுத்தியது. பின்னாளில் அதுவும் 1ஆம் வகுப்புக்கு வந்தது.

பல ஊர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் 8ஆம் வகுப்பு வாசல். 2021 முதல், மார்க் எவ்வளவு இருந்தாலும், வெள்ள அபாய மண்டலத்தில் கட்டும் வீடுகளின் தரைமட்டம் அடிப்படை வெள்ள மட்டத்துக்கு (ஓர் ஆண்டில் ஒரு சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் எட்டும் உயரம்) மேல் குறைந்தது ஓர் அடி இருக்க வேண்டும் என்று உள்ளூர்ச் சட்டம் சொன்னால்தான் 8ஆம் வகுப்புக்கோ அதற்கு மேலோ ஏற முடியும். ஏசி, ஹீட்டர் போன்ற சாதனங்களுக்கும் இதே விதி. சட்டத்தில் ஒரு வரி திருத்தம்தான், ஆனால் கட்டுமானச் செலவு கூடும் என்ற எதிர்ப்பில் அது வருடக்கணக்கில் கிடக்கும்.

வீட்டுக்காரர் பக்கம் கணக்கு எப்படி வரும்? அடிப்படை பிரீமியம் 1,200 டாலர், ஊர் 6ஆம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 20% போக 960. அதன்மேல் ரிசர்வ் நிதிக்கு 18%, அதாவது 172.80. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான சர்சார்ஜ் 25, பாலிசிக் கட்டணம் 47. மொத்தம் 1,204.80. “தள்ளுபடி எங்கே போச்சு?” என்று கேட்கத் தோன்றும். அது இல்லாவிட்டால் பில் 1,488 ஆகியிருக்கும். கட்டணங்களில் தள்ளுபடி கிடையாது, ஆனால் ரிசர்வ் நிதி குறைந்த தொகையின் மேல் கணக்கிடப்படுவதால் 240 டாலர் தள்ளுபடி கையில் 283.20 ஆக நிற்கிறது. 2021 அக்டோபரில் ரிஸ்க் ரேட்டிங் 2.0 என்ற புதிய பிரீமியக் கணக்கு முறை வந்த பிறகு இன்னொரு நல்ல மாற்றம்: அபாய மண்டலத்துக்கு வெளியே உள்ள வீடுகளுக்கும் இப்போது அதே சதவீதம். முன்பு அவர்களுக்குக் கிடைத்தது சொற்பம், பலருக்கு அதுவும் இல்லை.

கிடைத்தது நிலைக்கும் என்று இருந்துவிடக் கூடாது. ஊர் ஆண்டுதோறும் மறுசான்று தர வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோப்புகளைத் திறந்து முழுச் சோதனையும் நடக்கும். 2022இல் இயன் சூறாவளிக்குப் பின் ஃப்ளோரிடாவின் லீ கவுன்ட்டியில் நடந்தது இதற்கு நல்ல பாடம். சேத மதிப்பு கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால் இன்றைய விதிப்படி உயர்த்திக் கட்ட வேண்டும்; பெர்மிட் இல்லாமல் பழுதுபார்த்தால் அந்த விதி காற்றில் போகும். அங்கே அப்படிப் பழுதுபார்ப்புகள் நடந்ததைக் காட்டி 2024 மார்ச்சில் ஃபீமா, அங்கே ஐந்து நிர்வாகங்களின் 25% தள்ளுபடியை எடுக்கப்போவதாக அறிவித்தது. ஆவணங்களைக் கொடுத்து நான்கு தப்பின. ஃபோர்ட் மையர்ஸ் பீச் தள்ளுபடியை இழந்து புரொபேஷன் என்ற கண்காணிப்புக்கும் போனது. புரொபேஷன் என்றால் பாலிசிக்கு 50 டாலர் கூடுதல் தண்டம். அக்கம்பக்கத்தில் யாரோ பெர்மிட் இல்லாமல் சுவர் வைத்ததற்கு ஊரே கட்ட வேண்டியதாயிற்று.

சிறிய ஊர்களுக்கு இது பாரம்தான். சேரக் கட்டணம் இல்லை, ஆனால் கட்டடத் தரையின் உயரத்தைக் காட்டும் எலிவேஷன் சர்டிபிகேட்டுகளைப் பிழையில்லாமல் வாங்கிக் கோப்பில் வைக்க ஒரு ஆள் வேண்டும். பெர்மிட், வரி, நாய் லைசென்ஸ் எல்லாம் ஒரே குமாஸ்தா பார்க்கும் ஊரில் 9ஆம் வகுப்பே பெரிய சாதனை.

ஊர்த் தள்ளுபடிக்கு மேல் வீட்டுக்கென்று தனிச் சலுகைகளும் உண்டு. அவற்றில் செலவு குறைந்தது வீட்டுத் தரைக்குக் கீழுள்ள தாழ்வான இடைவெளியான கிரால் ஸ்பேஸில் வெள்ளத் திறப்பு வைப்பது. அடைத்த பரப்பில் ஒரு சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலத் திறப்பு, குறைந்தது இரண்டு திறப்பு, வெவ்வேறு சுவர்களில், அடிவிளிம்பு தரைக்கு மேல் ஓர் அடிக்குள். குளிர்காலத்தில் மூடும் காற்றுத் துவாரங்களைக் கணக்கில் சேர்த்துவிட்டு ஏமாறுபவர்கள்தான் அதிகம். தண்ணீர் தானாக உள்ளே வந்து வெளியேற வேண்டும், ஆள் வந்து திறக்கும்படி இருந்தால் செல்லாது.

தனியார் வெள்ளக் காப்பீட்டுக்கு மாறினால் சிஆர்எஸ் கிடையாது, விலையை ஒப்பிடும்போது தள்ளுபடி போன தொகையையே வைத்து ஒப்பிடுங்கள். ஏஜென்ட்டுகளிடம் அடிக்கடி நடக்கும் ஒரு தவறும் உண்டு. அஞ்சல் முகவரியில் நகரத்தின் பெயர் இருக்கும், வீடு நிற்பதோ நகர எல்லைக்கு வெளியே கவுன்ட்டி நிலத்தில். நகரம் 8, கவுன்ட்டி 5 என்றால் 15% தள்ளுபடி வீண். பாலிசியில் உள்ள ஆறு இலக்க கம்யூனிட்டி எண்ணை ஃபீமா வரைபடத்தில் வீடு இருக்கும் இடத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மாறியிருந்தால் திருத்தச் சொல்லி ஏஜென்ட்டுக்கு எழுதுங்கள்.