தனுஷ்கோடி வெயிலுக்குக் குடையா, துணியா, சன்ஸ்கிரீனா?

போன சித்திரையில் ராமேஸ்வரம் போய்த் திரும்பிய மறுநாள் அம்மா கையை நீட்டிக் காட்டினார். வளையல் கிடந்த இடத்தில் மட்டும் பழைய நிறம், ஒரு கோடாக. மற்றபடி முழங்கை வரை கருத்துப்போயிருந்தது. இத்தனைக்கும் அன்று முழுக்கக் குடையை மடக்காமல் நடந்தவர் அவர்தான்.

அதனால் குடையிலிருந்தே தொடங்குகிறேன். நேராகத் தலையில் இறங்கும் வெயிலைக் குடை நன்றாகத் தடுக்கும். ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் (யுவி) வானத்தில் சிதறிப் பக்கவாட்டிலும் வரும், கீழிருந்தும் வரும். காய்ந்த கடற்கரை மணல் அதில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பிவிடும். அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் ஏரிக்கரையில் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்றரை மணி நேரம் கடற்கரைக் குடை நிழலில் மட்டும் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் சிவந்து வெந்தது. எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 100 உள்ள சன்ஸ்கிரீன் மட்டும் பூசியவர்களில் 25 சதவீதம் பேருக்கு. எது ஒன்றும் தனியாகப் போதாது என்பதும் அதிலேயே தெரிகிறது. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் இன்னொரு சிக்கல், காற்று. அங்கே குடையைப் பிடித்து நிற்பதே பெரும்பாடு. கோயில் வாசல் வரிசைக்கும், மரமில்லாத பேருந்து நிறுத்தத்துக்கும் குடை. கடலோரத்துக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது துணி. என் ஓட்டு இதற்குத்தான். முழுக்கைச் சட்டையோ குர்தாவோ போட்டுவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எதையும் பூச ஞாபகம் வைக்க வேண்டாம்; வியர்வையில் கரையாது, கண் எரியாது. ஆனால் எல்லாத் துணியும் ஒன்றல்ல. கடையில் எடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரல் நிழல் தெளிவாகத் தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தியைவிட நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர் நிறத் துணி எவ்வளவோ மேல். நனைந்தால் பருத்தியின் காப்பு இன்னும் குறையும். அலையில் நின்று நனைந்த துப்பட்டாவையே தலையில் போட்டுக்கொண்டு நடக்கிறோமே, அதில் கிடைப்பது குளிர்ச்சிதான், காப்பு குறைவு.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். காலையில் லாட்ஜிலேயே எல்லோரும் பூசிக்கொண்டு கிளம்பினோம். அப்புறம் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் தண்ணீர். ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடித்து, தனுஷ்கோடிக்கு வண்டி ஏறும்போது முகத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? தீர்த்தமாடித் துவட்டிய பிறகு பூசியிருக்க வேண்டும். தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருப்பதும் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம்தான் தாங்கும்.

வாங்கும்போது எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். அது முக்கியமாகத் தோலை வேக வைக்கும் யுவி-பி கதிருக்கான அளவு. 30 போட்டது சுமார் 97 சதவீதத்தையும், 50 போட்டது சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நம் நிறத்துக்குக் கவலை கருமையும், மங்கு எனும் கருந்திட்டும்தான். அதற்கு யுவி-ஏ காப்பும் வேண்டும். டியூபில் பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று நான்கு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த யுவி-ஏ சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். மதுரையிலிருந்து காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தாலும், வெயில் விழும் பக்கம் உட்கார்ந்தவருக்கு அந்தக் காப்பு தேவை.

ஜிங்க் ஆக்சைடு உள்ள வகை மாநிறத்தில் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும், ஆனால் கண் எரிச்சல் குறைவு. ஜெல் வகை தோலோடு கலந்துவிடும். நெற்றி வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கினால் எரிச்சல் தாங்காது. நான் இப்போது நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க், மற்ற இடத்துக்கு ஜெல். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். பொட்டு மாதிரி தொட்டு வைத்தால் அது கணக்கிலேயே வராது.

கடலில் குளிப்பதானால் கிரீமைவிடச் சட்டையே நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மன்னார் வளைகுடா பவளப்பாறைகள் உள்ள கடல். பவளத்துக்குக் கேடு என்று ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்துவிட்டது. நம் கடலுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

தேங்காய் எண்ணெய்? அம்மாவின் நம்பிக்கை அதுதான். உப்புத் தண்ணீரில் காய்ந்து வெடித்த தோலுக்கு ராத்திரி தடவ அதற்கு ஈடில்லை. வெயிலைத் தடுக்க அதை நம்ப முடியாது. வெந்து எரியும் தோலில் உடனே தடவவும் வேண்டாம். முதலில் குளிர்ந்த தண்ணீர்த் துணி.

அடுத்த முறைக்கு அம்மாவுக்கு அடர்நீலக் கைத்தறியில் முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். பாதத்தின் மேல்பக்கத்துக்குத்தான் சன்ஸ்கிரீன் தனியாக எடுத்து வைக்க வேண்டும். செருப்பு வார் விழுந்த வெள்ளைக் கோடு அவருக்கு இன்னும் மறையவில்லை.