எஸ்டி கார்டு இல்லாத ஆறு ராஸ்பெரி பை: மூன்று வருட அனுபவம்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் அக்கா டியூஷன் எடுக்கிறாள். அங்கே பிள்ளைகளுக்காக ஆறு ராஸ்பெரி பை (சின்னக் கம்ப்யூட்டர் போர்டு) வைத்திருக்கிறோம், நான்கு 3பி மாடல், இரண்டு பை 4. வழக்கமாக அதற்கு டிஸ்க்காக இருக்கும் எஸ்டி கார்டு எதிலும் கிடையாது (கிட்டத்தட்ட கிடையாது, அந்தக் கதை கீழே வருகிறது). சுவிட்சைப் போட்டால் போர்டு நெட்வொர்க் வழியாகக் கர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) இழுத்துக்கொள்ளும், அப்புறம் கீழ்வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப்பின் எஸ்எஸ்டியைத் தன் டிஸ்க் மாதிரி நினைத்துக்கொண்டு லினக்ஸ் ஏறிவிடும். 2022 ஜூனில் பள்ளி திறந்த வாரம் ஆரம்பித்தது. செட்டப் எப்படி என்று ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்று மழைக்காலம் தாண்டியபின் அது என்ன பாடு படுத்துகிறது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதில் இறங்கியதற்கு ஒரே காரணம் கரண்ட். மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு என்று காலை 9 மணிக்கே போய்விடும், கோடையில் சாயங்காலம் சொல்லாமல் போகும், அது போதாதென்று பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் நேராக பிளக் பாயிண்ட் சுவிட்சையே அணைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டு என்ன ஆகும் என்று தெரிந்ததுதானே. ஒரே வருடத்தில் ஐந்து கார்டு போனது. கார்டு விலைகூடப் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் இமேஜ் எழுதி, தமிழ்99 கீபோர்டு போட்டு, அக்கா கேட்கும் சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்றி முடிக்க என் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். போர்டையாவது மாற்றலாம் என்றால் 2022இல் புது பை கிடைக்கவே இல்லை, கிடைத்த இடத்தில் யானை விலை குதிரை விலை.

டிஸ்க் இல்லாத மெஷின் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. என்எஃப்எஸ் (வேறு மெஷினின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகத் தன்னுடையது போலப் பயன்படுத்தும் முறை) என்பதையே சன் கம்பெனி 1984இல் கொண்டுவந்தது, அந்தக் காலத்து ஒர்க்ஸ்டேஷன்களில் பல டிஸ்க் இல்லாமல் சர்வரிலிருந்து பூட் ஆனவைதான் (அதாவது ஓஎஸ் ஏறியவைதான்). நாம் அதையே உள்ளங்கை அளவு போர்டில் செய்கிறோம். தேவையானவை மூன்று: ஐபி முகவரி கொடுக்க டிஹெச்சிபி, பூட் ஃபைல்களைக் கொடுக்க டிஎஃப்டிபி, ரூட் ஃபைல்சிஸ்டத்தை (ஓஎஸ்ஸின் எல்லா ஃபைல்களும் இருக்கும் மூல ஃபோல்டரை) கொடுக்க என்எஃப்எஸ். முதல் இரண்டையும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே புரோகிராம் பார்த்துக்கொள்ளும். சர்வரில் டெபியன் லினக்ஸ், 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, அவ்வளவுதான்.

எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் ஐபி கொடுப்பது ஃபைபர் கனெக்ஷனோடு வந்த ரூட்டர். பூட் சர்வர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வசதி எல்லாம் அதன் மெனுவில் இல்லை. டிஎன்எஸ்மாஸ்க்கை பிராக்ஸி முறையில் ஓடவிட்டால் ரூட்டர் தன்பாட்டுக்கு ஐபி கொடுக்கும், நம் சர்வர் பக்கத்தில் நின்று "பூட் ஆக இங்கே வா" என்று மட்டும் சொல்லும். அதில் சர்வீஸ் பெயர் "ராஸ்பெரி பை பூட்" என்பது எழுத்து மாறாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் 3பி கண்டுகொள்ளாது. நான் ஒரு எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

3பி போர்டில் இன்னொரு வேலை இருக்கிறது. வாங்கிய நிலையில் அது நெட்வொர்க்கில் பூட் ஆகாது. ஒரு எஸ்டி கார்டில் கான்ஃபிக் ஃபைலில் யுஎஸ்பி பூட் மோடுக்கான வரியைச் சேர்த்து ஒருமுறை பூட் செய்தால், சிப்புக்குள் ஒரு பிட் நிரந்தரமாக எழுதப்படும். எழுதியதை அழிக்க முடியாது, அழிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. 3பி பிளஸ்ஸில் ஃபேக்டரியிலேயே போட்டு அனுப்புகிறார்கள். பை 4 வேறு ஜாதி, அதன் பூட்லோடர் (ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் சின்ன புரோகிராம்) போர்டிலேயே தனிச் சிப்பில் இருக்கிறது, பூட் வரிசையை ஒரு எண்ணாக எழுத வேண்டும், அந்த எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1 எஸ்டி கார்டு, 2 நெட்வொர்க்.

பூட் ஆகும்போது ஒவ்வொரு போர்டும் தன் சீரியல் நம்பர் பெயரில் ஒரு ஃபோல்டரைத் தேடும். அது இல்லையென்றால் டிஎஃப்டிபியின் மேல் ஃபோல்டரிலேயே எடுத்துக்கொள்ளும். முதல் தடவை சர்வர் லாகைப் பார்த்தால் "ஃபைல் இல்லை", "ஃபைல் இல்லை" என்று வரிசையாக வந்து வயிற்றைக் கலக்கும். பயப்படாதீர்கள், இல்லாத ஃபைல்களையும் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது அதன் சுபாவம். கர்னலுக்குக் கொடுக்கும் வரியில் என்எஃப்எஸ் வெர்ஷன் 3 என்று நானே குறிப்பிட்டேன், அதைச் சொல்லும்வரை எனக்கு மவுன்ட் ஆகவில்லை, அதாவது சர்வரின் ஃபோல்டர் போர்டில் இணையவில்லை.

ஒரு சனிக்கிழமையில் எல்லாம் ஓடிவிட்டது. பெரிய ஆள் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் கரண்ட் போய் வந்தது. மாடியிலிருந்து ஒரு பையன் இறங்கி வந்து, "அண்ணா, நாலு கம்ப்யூட்டர் தூங்குது, ரெண்டு மட்டும் முழிச்சிருக்கு" என்றான். போய்ப் பார்த்தால் பை 4 இரண்டும் லாகின் திரையில் நிற்கின்றன, 3பி நான்கும் கறுப்பு. சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் ஒழுங்காக ஏறுகிறது. அடுத்த முறை கரண்ட் போனபோதும் அதே நான்கும் தூங்கின. 3பி சிப்பின் பூட் ரோம் (சிப்பிலேயே பதிந்திருக்கும் தொடக்க புரோகிராம்) ஐந்து விநாடி இடைவெளியில் ஐந்து முறை ஐபி கேட்கும், மொத்தம் 25 விநாடி. பதில் வரவில்லையென்றால் ஓய்வு நிலைக்குப் போய்விடும், மறுபடி கரண்டை நிறுத்திப் போட்டால் ஒழிய எழாது. என் டெஸ்க்டாப் முழுதாக ஏறவோ ஐம்பது விநாடிக்கு மேல் ஆகிறது. கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் 3பி கேட்டுக் கேட்டு ஓய்ந்தபிறகுதான் சர்வர் கண் விழிக்கும். பை 4இன் வரிசையில் கடைசியில் "மறுபடி முதலிலிருந்து" என்று போட்டிருந்ததால் அவை தப்பித்தன.

இதற்கு நான் இரண்டு வைத்தியம் செய்தேன். முதலாவது, நான்கு 3பியிலும் பழைய ஃபோன்களிலிருந்து கழற்றிய 2 ஜிபி கார்டு ஒவ்வொன்று, அதில் பூட்கோட் என்ற ஒரே ஒரு ஃபைல். ரோமில் இருக்கும் குறைகளை அந்த ஃபைல் சரிசெய்கிறது, சர்வர் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஓஎஸ் அதில் எதுவும் எழுதுவதில்லை, அதனால் மூன்று வருடத்தில் ஒரு கார்டுகூடப் போகவில்லை. "கிட்டத்தட்ட கிடையாது" என்றது இதைத்தான். இரண்டாவது, சர்வரையும் ரூட்டரையும் நெட்வொர்க் சுவிட்சையும் (எல்லா மெஷினின் கேபிளும் வந்து சேரும் பெட்டி) வீட்டு இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். இன்வெர்ட்டரின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், சாதா மோடா யுபிஎஸ் மோடா என்று. ஃபேனுக்கும் லைட்டுக்கும் எது வேண்டுமானாலும் இருக்கலாம், கம்ப்யூட்டர் மாட்டினால் யுபிஎஸ் மோடில் வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மாறும் அந்த இமைப்பொழுதில் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும். எங்கள் இன்வெர்ட்டர் வாங்கி ஏழு வருடம், அந்த சுவிட்ச் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்தது ஐபி சண்டை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. மாலை ஆறரை மணிவாக்கில், அதுவும் சில நாட்களில் மட்டும், ஏதாவது ஒரு மெஷின் அப்படியே உறைந்து நிற்கும். திரையில் "சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்" என்ற அர்த்தத்தில் ஒரு வரி. சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, பக்கத்து மெஷின் ஓடுகிறது. பூட் ஆகும் நேரத்தில் கர்னல் தானே வாங்கும் ஐபியைப் பிறகு அது புதுப்பிப்பதில்லை. லீஸ் (ஐபிக்குக் கொடுத்த கெடு) முடிந்ததும் ரூட்டர் அந்த ஐபி காலி என்று எண்ணி வேறு யாருக்காவது கொடுத்துவிடும். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் ஃபோனில் எங்கள் வைஃபை சேவ் ஆகியிருக்கிறது, வாசலில் நின்றதும் ஃபோன் ஐபி வாங்குகிறது, மாடியில் ஒரு பிள்ளையின் ரூட் ஃபைல்சிஸ்டமே கையை விட்டுப் போகிறது! ஆறு போர்டின் மேக் முகவரிக்கும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு போர்டின் அடையாள எண்) ரூட்டரில் நிரந்தர ஐபி ஒதுக்கினேன், தொல்லை ஒழிந்தது. அன்றே பெற்றோருக்கான வைஃபையைத் தனியாகப் பிரித்தேன். என்எஃப்எஸ்ஸில் ரூட் உரிமையை (எதையும் மாற்றும் நிர்வாகி உரிமையை) மறைக்காமல் திறந்துவைத்தால்தான் டிஸ்க் இல்லாத மெஷின் ஓடும், அதாவது அதே நெட்வொர்க்கில் இருக்கும் விவரமான ஆள் யாரும் உள்ளே புகுந்து மாற்றலாம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கர்னல் அப்டேட் கதை எல்லாருக்கும் நடக்கும் என்று நினைக்கிறேன். ஒரு போர்டில் உட்கார்ந்து சாதாரணமாக அப்டேட் கொடுத்தேன். புதுக் கர்னல் அந்த மெஷினின் ரூட்டுக்குள் இருக்கும் பூட் ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது, ஆனால் போர்டு கர்னலை எடுப்பது சர்வரின் டிஎஃப்டிபி ஃபோல்டரிலிருந்து. அங்கே பழையதுதான். பழைய கர்னல், புது மாட்யூல் (கர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் டிரைவர்கள்). நெட்வொர்க் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருப்பதால் மெஷின் ஏறிவிடுகிறது, ஆனால் சவுண்டு இல்லை, டெஸ்க்டாப் ஒழுங்காக வரவில்லை. டிஎஃப்டிபி ஃபோல்டரையும் என்எஃப்எஸ்ஸில் கொடுத்து, மெஷினின் பூட் ஃபோல்டர்மேல் மவுன்ட் செய்தால் இந்தச் சிக்கல் வராது. 2024 மே விடுமுறையில் ஓஎஸ்ஸின் புக்வோர்ம் வெர்ஷனுக்குப் போனபோது அந்த ஃபோல்டரின் இடமே ஒரு படி உள்ளே மாறியிருந்தது, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமும் மாறியிருந்தது, மவுன்ட் வரியை மறுபடி திருத்தினேன். பழையதன்மேல் ஏற்றாமல் புது இமேஜிலிருந்தே ஆரம்பித்தேன், அதுதான் ராஸ்பெரி பை ஆட்கள் சொல்வதும்.

வேகம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 3பியின் ஈதர்நெட் 100 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 12 எம்பிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பெரிய ஃபைலைப் படிப்பதில் நல்ல எஸ்டி கார்டே முந்தும். சின்னச் சின்ன ஃபைல்களை எழுதுவதில் மட்டும் சர்வரின் எஸ்எஸ்டி எங்கேயோ நிற்கிறது, அப்டேட் போடும்போது தெரியும். பை 4இல் நிஜமான கிகாபிட், அதில் எந்தக் குறையும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு 3பி தனியாக ஏற ஒரு நிமிடத்துக்குள், ஆறும் ஒன்றாகக் கிளம்பினால் இரண்டு நிமிடம். பிரவுசர்தான் கழுத்தை அறுத்தது, அதன் கேஷை (தற்காலிக ஃபைல்களை) ரேமுக்கு மாற்றியபின் சுமார். 3பியில் ரேமே 1 ஜிபிதான், நெட்வொர்க் வழியாக ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) வைப்பது வேண்டாத வேலை, ரேமில் இருப்பதையே சுருக்கி வைக்கும் இசட்ராம் போட்டு ஒப்பேற்றுகிறேன். டாக்கரை (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) இந்த ரூட்டில் ஓடவிடப் பார்க்காதீர்கள், அது வழக்கமாகப் பயன்படுத்தும் ஓவர்லே என்ற அடுக்கு ஃபைல்சிஸ்டத்தின் மேலடுக்காக என்எஃப்எஸ்ஸை வைக்க முடியாது.

ரிச்சி தெருவில் வாங்கிய எட்டு போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் இரண்டாவது வருடம் ஆறு மெஷினையும் ஒரே நேரத்தில் உறையவைத்தது. சர்வர், கேபிள், டெபியன் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, கடைசியில் பார்த்தால் அதன் அடாப்டர் தளர்ந்துபோயிருந்தது. தொட்டால் சுட்டது. இப்போது சுவிட்சும் அடாப்டரும் ஒவ்வொன்று ஸ்பேராக அலமாரியில் இருக்கின்றன. முன்பு ஆறு இடத்தில் ஆறு விதமாகக் கெட்டது, இப்போது கெட்டால் எல்லாமே நிற்கிறது, ஆனால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். எனக்கு இது பிடித்திருக்கிறது. அக்காவுக்கு ஆறும் ஒன்றாக நிற்பது பிடிக்கவில்லை, அவள் கஷ்டம் அவளுக்கு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். படி ஏறி வீட்டுக்குள் வரும் என்று தெரிந்ததும் அக்கா கேட்டாள், "டேய், எதை மேல தூக்கணும்?" அந்த ஒரு டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். மூன்று நாள் கரண்ட் இல்லை. வந்தபிறகு மாட்டினால் ஆறும் பழைய இடத்திலிருந்தே தொடர்ந்தன, பிள்ளைகள் பாதியில் விட்ட படங்கள் உட்பட. அப்போதுதான் இந்தப் பெட்டிக்கு பேக்கப் இல்லையே என்று உறைத்தது, இப்போது தினமும் ராத்திரி ஒரு வெளி டிஸ்க்குக்குப் போகிறது. ரூட்களை பிடிஆர்எஃப்எஸ் என்ற, சட்டென நகல் எடுக்கவிடும் ஃபைல்சிஸ்டத்தில் வைத்திருப்பதால் ஒரு மெஷினைக் கெடுத்துவிட்டால் மாஸ்டரிலிருந்து புது நகல் எடுக்கச் சில விநாடி போதும். நகலில் ஹோஸ்ட் பெயர், மெஷின் ஐடி, எஸ்எஸ்ஹெச் சாவி என்று மெஷினை அடையாளம் காட்டும் மூன்றையும் மாற்றுவதை மட்டும் மறக்கக்கூடாது, நான் மறந்திருக்கிறேன்.

ஒன்றிரண்டு மெஷினுக்கு இவ்வளவு கூத்து தேவையில்லை, நல்ல கார்டு ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நான்கைத் தாண்டினால், வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு பெட்டியும் இருந்தால், ஒரு சனிக்கிழமையைச் செலவழிக்கலாம்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. ஷட்டவுன் கொடுத்தால் சில நேரம் நெட்வொர்க் முதலில் போய்விடுகிறது, ரூட் எங்கே என்று தேடிக்கொண்டே மெஷின் தொங்கி நிற்கிறது. இரண்டு வழி முயன்றேன், முழுதாகத் தீரவில்லை. பிள்ளைகள் அதுவரை காத்திருப்பதில்லை, எப்போதும்போல் பிளக் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், நானும் இப்போதெல்லாம் அவர்களைத் திட்டுவதில்லை.