ஐந்து பிரதிக்குத்தான் காசு: டோக்கியோவா, கிர்கிஸ்தானா, சூடானா?

எங்கள் நூலகம் ஒரு பழைய டிரங்குப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்து மாரியம்மன் கோயில் திண்ணையில் அதைத் திறப்பேன். ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் வருவார்கள். இந்தப் பக்கத்துக்கு இது புதிதில்லை. பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் கிளப்பியது 1931இல். அவருக்குத் துணை நின்ற சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கான தம் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே வருஷம்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது அதில் ஒன்று. என் தலைவலியும் அதுதான்.

ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த பணத்தில் ஒரே புத்தகத்தில் ஐந்து பிரதி வாங்கலாம். நாலைந்து பேர் ஒரே வாரம் ஒரே கதையைப் படித்தால்தான் பேச்சு சூடு பிடிக்கும். வெளிநாட்டுக் கதையாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. தெனாலிராமன் பெட்டியில் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள்.

போட்டியில் நாலு புத்தகம். அதில் குட்டி இளவரசனை முதலிலேயே ஒதுக்குகிறேன், ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகக் கொண்டுவந்த தமிழில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யானையை விழுங்கிய மலைப்பாம்பைப் பெரியவர்கள் தொப்பி என்று சொல்லும் இடத்தில் திண்ணையே சிரித்தது. கிரகம் கிரகமாகப் போக ஆரம்பித்ததும் பிள்ளைகள் கண் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டது. வெட்கத்தை மறக்கக் குடிக்கிறவனும், நட்சத்திரத்தை எண்ணிச் சொத்துக் கணக்கு பார்க்கிறவனும் நாற்பது வயதில் சுருக்கென்று தைப்பார்கள். பத்து வயதுக்கு அவர்கள் வெறும் கிறுக்கர்கள்.

அடுத்தது, கிர்கிஸ்தான் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. மாஸ்கோ அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள் மலிவாக வந்திறங்கிய காலத்தில், கீழத்தஞ்சை வீடுகளில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தவை இவை. எனக்கு என் மாமா கொடுத்தார். அவ்வளவாகப் படிக்காத துய்ஷேன் பாழடைந்த லாயத்தைப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான். குளிரில் ஓடைக்கு அக்கரையில் நிற்கும் பிள்ளைகளை முதுகில் சுமந்து கொண்டுவந்து விடுகிறான். மழைக்காலத்தில் வாய்க்கால் பாலம் முழுகினால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் பாதிக்கு மேல் அல்தினாயைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிவைக்கும் பகுதி வருகிறது. அதை ஐந்தாவது படிக்கிற பெண்ணிடம் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது. எட்டாவதுக்கு மேல் தரலாம், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து.

லிண்டா சூ பார்க் 2010இல் எழுதிய ‘எ லாங் வாக் டு வாட்டர்’தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. தெற்கு சூடானில் நியா என்ற சிறுமி குளத்துக்கும் வீட்டுக்கும் தினம் இரண்டு நடை தண்ணீருக்காக நடக்கிறாள். இன்னொரு பக்கம், 1985இல் போருக்குத் தப்பி ஓடும் சால்வா என்ற பையன். சால்வா நிஜமான ஆள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். நியாவின் இனமும் சால்வாவின் இனமும் பகையாளிகள் என்று சொன்னதும் ஒரு பையன், “மடைச் சண்டையாக்கா?” என்றான். அதற்கு மேல் நான் என்ன விளக்க? ஆனால் என்னிடம் இருப்பது ஆங்கிலப் பிரதி. எளிய ஆங்கிலம்தான், ஆனாலும் இருபது பேரில் இரண்டு பேர்தான் தானாகப் படிப்பார்கள். மற்றவர்களுக்கு நான் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து பிரதி எதற்கு?

மிச்சம், டோட்டோ-சான். தெத்சுகோ குரோயாநாகி தான் படித்த டோக்கியோ பள்ளியைப் பற்றி 1981இல் எழுதியது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். அத்தியாயங்கள் குட்டி குட்டியாக இருப்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையும் ஒரு உட்காரலில் ஒன்றை முடித்துவிடும். கழிவறைக் குழிக்குள் விழுந்த பர்ஸைத் தேடி டோட்டோ, அதாவது சிறுமியான குரோயாநாகி, எல்லாவற்றையும் வெளியே அள்ளிக் கொட்டுகிறாள். தலைமை ஆசிரியர் திட்டவில்லை, முடிந்ததும் உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். இதை மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள்.

சாப்பாட்டு அத்தியாயத்தில்தான் தகராறு. டிபன் பாக்ஸில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பது அந்தத் தலைமை ஆசிரியரின் ஏற்பாடு. நம்மூரில் மலைக்கு எங்கே போவது? ஏறி நிற்க மேடு என்றால் ஆற்றங்கரை ஒன்றுதான். ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி, “மலைக்குப் பதிலா வயல்னு வச்சுக்கலாம்” என்று தீர்ப்பு சொன்னாள். கருவாட்டுக் குழம்பு கடலுக்குப் போனது. கீரை, புளி எல்லாம் வயல் கணக்கு. “சத்துணவு முட்டை எதுலக்கா சேரும்?” என்று கடைசியில் ஒருவன் கேட்டான். அரைமணி நேரம் விவாதம் நடந்தும் முட்டை இன்னும் நடுவில்தான் நிற்கிறது. அந்த வாரத்திலிருந்து ஒருவரையொருவர் முருகு-சான், செல்வி-சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அடுத்து என்ன ஆகும் என்று இழுத்துக்கொண்டு போகும் கதை இதில் கிடையாது. 1945 குண்டுவீச்சில் பள்ளி எரியும் இடம் சட்டென்று வந்துவிடுகிறது, சின்னவர்கள் அன்றைக்குப் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள்.

இருந்தாலும் ஐந்து பிரதியும் டோட்டோவுக்கே. நியாவை மே மாதம், ஆற்றில் மணல் மட்டும் கிடக்கும்போது நானே தமிழில் சொல்வதாக இருக்கிறேன். மாமா கொடுத்த ‘முதல் ஆசிரியர்’ எட்டாவது படிக்கிற இரண்டு பெண்களிடம் சுற்றுகிறது.

குட்டி இளவரசன் பெட்டியில் இல்லை. எடுத்துப்போன பையனைக் கேட்டேன், “அப்பா படிக்கிறாருக்கா, கேட்டா இன்னும் முடியலங்கிறாரு” என்றான்.