3 லீற்றர் மீயொலித் தொட்டி: திருகோணமலை ஆய்வுகூட மேசைக்குப் பொருந்துமா?

காதுக்குக் கேட்காத உயர் ஒலியால் நீரை அதிரவைக்கும், மேசையில் வைத்துப் பாவிக்கும் 40 கிலோஹேர்ட்ஸ் மீயொலித் தொட்டி ஒன்றின் மதிப்பீடு இது. கொள்ளளவு 3 லீற்றர். அடித்தகட்டின் கீழே 60 வாற்று டிரான்ஸ்டியூசர் (மின்னை அதிர்வாக மாற்றும் பாகம்) இரண்டு, 100 வாற்று சூடாக்கி, 30 நிமிடம் வரைக்கும் வைக்கக்கூடிய நேரக்கணிப்பு, கம்பிக் கூடை, பக்கத்தில் வடிகுழாய். பல் மருத்துவ நிலையத்திலும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் நகைக்கடையிலும் இருப்பது கிட்டத்தட்ட இதே பெட்டிதான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் படிக்கிறவர்களுக்கு இது எந்த வேலைக்கு உதவும், எந்த வேலைக்கு உதவாது என்பதே இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூலிகைப் பிரித்தெடுப்பு, தூளைக் கரைத்தல், கரைப்பானில் கரைந்த வாயுவை வெளியேற்றல், கண்ணாடிப் பாத்திரம் கழுவல் ஆகிய நான்குக்கும் தாராளமாக வாங்கலாம். தடித்த கலச்சுவரை உடைக்கவோ, ஒலியாலேயே ஒரு இரசாயனத் தாக்கத்தை நடத்தவோ இதை நம்பி வாங்க வேண்டாம்.

பெயர்த்தகட்டில் இருக்கும் 120 வாற்று தண்ணீருக்குள் முழுதாகப் போவதில்லை. எவ்வளவு போகிறது என்று அறிய ஒரு வெப்பமானி போதும். சூடாக்கியை நிறுத்தி, 2 லீற்றர் நீர் ஊற்றி, 10 நிமிடம் ஓடவிட்டு ஏற்றத்தைக் குறியுங்கள். இந்தத் தொட்டியில் சுமார் 5 பாகை ஏறும். 2000 × 4.18 × 5 = 41,800 யூல்; 600 செக்கனால் வகுத்தால் ஏறத்தாழ 70 வாற்று. ஆய்வறிக்கையில் எழுத வேண்டிய எண் இதுதான். தகட்டில் உள்ள எண்ணை மட்டும் எழுதினால் வேறொரு தொட்டியில் அதே வேலையை யாராலும் திரும்பச் செய்ய முடியாது.

அந்த 70 வாற்றும் தொட்டி முழுக்க ஒரே சீராகப் பரவுவதில்லை. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகிறது. 40 கிலோஹேர்ட்சில் அலைநீளம் 37.5 மில்லிமீற்றர், அரை அலைநீளம் 19 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அடித்தகட்டிலிருந்து எழும் அலையும் நீர்மட்டத்தில் தெறித்துத் திரும்பும் அலையும் கூடி, வலுவான அடுக்கும் மெலிந்த அடுக்கும் மாறி மாறி அமைகின்றன. சமையலறை அலுமினியத் தாளை நீளத் துண்டாக வெட்டி, நிமிர்த்திப் பிடித்து 30 செக்கன் அமிழ்த்தினால் இது கண்ணுக்கே தெரியும். வலுவான இடத்தில் தாள் பொத்தல் பொத்தலாகும், மெலிந்த இடத்தில் அப்படியே இருக்கும். இந்தத் தொட்டியில் டிரான்ஸ்டியூசர்களுக்கு நேர் மேலே இரண்டு இடம் நன்றாக இருக்கிறது. நான்கு மூலையும் வீண். அந்த இரண்டு இடத்தையும் மூடியில் நிறப்பேனையால் குறித்துவையுங்கள். நீர்மட்டத்துக்கும் உட்சுவரில் ஒரு கோடு வேண்டும். மட்டம் ஒரு சென்ரிமீற்றர் மாறினாலும் அடுக்குகள் இடம் மாறும். ஒரே மாதிரியை இரண்டு நாள் செய்து இரண்டு விடை வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு சென்ரிமீற்றர்தான்.

வேலை நடப்பது குமிழியால். ஒலியின் தாழ்அமுக்கப் பாதியில் நுண்குமிழி பிறந்து வளர்கிறது, அடுத்த பாதியில் நொறுங்குகிறது. நொறுங்கும் அந்தக் கணத்தில் குமிழிக்குள் ஏறத்தாழ 5000 கெல்வின் வெப்பமும் ஆயிரம் வளிமண்டலத்தை ஒட்டிய அமுக்கமும் எழும். சுற்றியுள்ள நீருக்கு அது தெரிவதே இல்லை. மீயொலியின் இரசாயன விளைவுகளை ரிச்சர்ட்ஸும் லூமிஸும் 1927இல் அறிவித்தார்கள். இந்த நொறுங்கல் வலுவாக இருக்க வேண்டுமானால் நீர் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான நீரில் குமிழிக்குள் நீராவி நிறைந்து மெத்தை போலத் தாங்குவதால் அடி மென்மையாகிவிடும்.

இங்கேதான் திருகோணமலை வெயில் குறுக்கே வருகிறது. குழாய் நீரே 30 பாகையை ஒட்டி இருக்கும்போது, அரை மணி நேரம் ஓடினால் சூடாக்கி இல்லாமலே 40ஐத் தாண்டுகிறது. ஆகவே சூடாக்கிக்குக் கொடுக்கும் காசு இந்த ஊரில் பெரும்பாலும் வீண். சூடு தாங்காத பொருளென்றால் 5 நிமிடம் ஓடவிட்டு 5 நிமிடம் நிறுத்துங்கள், இடையில் வடிகுழாயால் நீரை மாற்றுங்கள். பனிக்கட்டியை நேரே போடுவதைவிட, குளிர்ந்த நீரை ஊற்றி மட்டத்தைக் கோட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. மிதக்கும் கட்டி ஒலி அடுக்கைக் குலைக்கும்.

மூலிகைக்கு ஒரு அளவு: நிழலில் உலர்த்திய ஆடாதோடை இலைத் தூள் 1 கிராம், 70 சதவீத எதனோல் 20 மில்லிலீற்றர், 50 மில்லிலீற்றர் கூம்புக் குடுவை, 30 நிமிடம், 40 பாகைக்குக் கீழே. குடுவைக்குள் இருக்கும் திரவமட்டம் வெளி நீர்மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். தூளை மா போல அரைக்க வேண்டாம், வடிதாள் அடைத்துவிடும். அரை மில்லிமீற்றர் அரிதட்டு போதும். பத்து நிமிடத்துக்கொரு முறை குடுவையைச் சுழற்றுங்கள், இல்லாவிட்டால் தூள் அடியில் படிந்து மேல்திரவம் மட்டும் ஒலி வாங்கும். குடுவையைத் தொட்டியின் தரையில் வைக்கவே கூடாது. கூடையிலோ கவ்வியிலோ தொங்க வேண்டும். கண்ணாடி தரையைத் தொட்டால் அதிர்வு தடைப்படும், தகடு தேயும், டிரான்ஸ்டியூசர் ஒட்டு விடும். எதனோல், அசற்றோன் போன்றவற்றைத் தொட்டியில் நேரே ஊற்றுவது தீ விபத்துக்கு வழி. தொட்டியில் நீர், கரைப்பான் குடுவைக்குள். இதில் விதிவிலக்கே கிடையாது.

கடல்நீர் ஆய்வு செய்கிறவர்கள், அந்நீரை வடித்த வடிதாளிலிருந்து பச்சையத்தைப் பிரிக்க 90 சதவீத அசற்றோனுடன் இதைப் பாவிக்கலாம். இருட்டிலும் குளிரிலும் வைத்தால் போதும்.

ஒலியால் இரசாயனத் தாக்கம் நடக்கிறதா என்று பார்க்கப் பொற்றாசியம் அயடைட்டுச் சோதனை நல்லது: தாக்கம் நடந்தால் அயடைட்டு அயடீனாகிக் கரைசல் மஞ்சளாகும். 100 மில்லிலீற்றர் நீரில் 1.66 கிராம் கரைத்தால் 0.1 மோலார். 30 நிமிடம் ஓடவிட்டு 350 நானோமீற்றரை ஒட்டி ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள். இந்தத் தொட்டியில் எழும் மஞ்சள் மிக மெலிவு. குற்றம் பெட்டியில் இல்லை: 20 முதல் 40 கிலோஹேர்ட்ஸ் வரை பொறிமுறை அடிதான் ஓங்கும், தாக்கத்தை நடத்தும் மூலிகங்கள் (நீர் மூலக்கூறு உடைந்து வரும் வீரியத் துண்டுகள்) கூடுதலாகப் பிறப்பது சில நூறு கிலோஹேர்ட்சில். கலம் உடைக்க நினைக்கிறவர்களுக்குத் தேவை, மாதிரிக்குள் நேரே அமிழ்த்தும் 20 கிலோஹேர்ட்ஸ் கோல்வகைக் கருவி. அதன் முனையில் சதுர சென்ரிமீற்றருக்குப் பல பத்து வாற்று கிடைக்கும். தொட்டியில் ஒரு வாற்றை ஒட்டியே. ஆனால் கோலின் தைத்தானிய முனை தேய்ந்து மாதிரியில் கலக்கும். லிப்போசோம் (கொழுப்பு நுண்கோளம்) போன்ற மருந்துகாவிகளைச் செய்யும்போது அந்தக் கலப்பு இல்லாததே தொட்டிக்கு ஒரு பலம். நேரம்தான் அதிகம் எடுக்கும்.

மருத்துவமனையில் படம் எடுக்கும் மீயொலி மெகாஹேர்ட்சில், இயன்மருத்துவத்தில் தசைக்குக் கொடுப்பது பெரும்பாலும் 1 அல்லது 3 மெகாஹேர்ட்சில். அவற்றோடு இதைக் குழப்ப வேண்டாம். இயங்கும் தொட்டிக்குள் கைவிரலை விடுவது ஆபத்து. பல் மருத்துவக் கருவிகளைக் கழுவ நடுநிலைச் சவர்க்காரக் கரைசல், 5 முதல் 10 நிமிடம், 45 பாகைக்குக் கீழே. அதற்கு மேல் போனால் இரத்தப் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மூட்டுள்ள கருவியை விரித்துப் போடுங்கள். இது கழுவலே தவிரக் கிருமிநீக்கம் அல்ல. பின்னால் ஓட்டோகிளேவ் (அமுக்க நீராவியால் கிருமி நீக்கும் கலம்) கட்டாயம்.

புதிய நீரை ஊற்றியதும் மாதிரி போடாமல் 10 நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். கரைந்த காற்று வெளியேறும் வரை குமிழிகள் வலுவில்லாமலே நொறுங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கரையோரக் கிணற்று நீரை இதில் ஊற்ற வேண்டாம். உப்பின் குளோரைட்டு எவர்சில்வரில் ஊசித்துளை போடும், குமிழியின் அடி அந்தத் துளையை ஆழமாக்கும், ஒருநாள் நீர் அடியில் கசிந்து சுற்றுப்பலகையைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரே நல்லது. குளோரின் வெளுப்பானுக்கும் இதே காரணத்தால் தடை.

பின்பக்கத்து விசிறித் துளை கடற்காற்றை இழுக்கிறது. இந்த வடிவமைப்பில் அதுதான் எங்களுக்குப் பெரிய குறை: தூசுவலை இல்லை, பலகைக்குப் பாதுகாப்புப் பூச்சும் இல்லை. யன்னலோரம் வைக்காமல் உள்மேசையில் வையுங்கள். மின் போனால் செருகியைக் கழற்றுங்கள், வந்து சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். நீர் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருக்கும்போது ஓடவிட்டால் டிரான்ஸ்டியூசர் சூடேறி ஒட்டு விடும். ஒன்று போனால் அலுமினியத் தாளில் ஒரு பக்கம் பொத்தலே விழாது. ஆகவே மாதத்துக்கொரு முறை ஒரு தாளைச் சோதித்து, திகதி எழுதிக் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதைக் காட்ட அந்தத் தாள்களே போதும்.